மேல்மாடிச் சின்ன அறையின் திறப்புக் கேட்டு மருமகனுக்கு

சிவமயம்

மோர்டன், லண்டன்.
02.09.1995

அன்பும் அறிவும் அடக்கமும் ஒருங்கே அமையப்பெற்ற மருமகன் ஸ்ரீஸ்கந்தராஜா அவர்கட்கு, தாய்மாமன் தில்லையம்பலம் எழுதிக்கொள்வது.

இவ்விடத்தில் நானும், நீர் என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுக் கனடா சென்ற வீடும், அதன் கூரையும், பின்வளவில் நிற்கும் அப்பிள் மரமும் சுகமாயிருக்கிறோம். அவ்விடத்தில் நீரும், மருமகள் பாலாம்பிகையும், பிள்ளைகள் இருவரும் ஒரு குறையுமின்றி இருக்கவேண்டுமென்று போன வெள்ளிக்கிழமையும் நோர்தேர்ன் லைனில் ஏறி ஆர்ச்வே மட்டும் போய் முருகனிடம் கேட்டு வந்தேன். நிற்க.

இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. மேல்மாடியில் நீர் ஆமைப்பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டுப் போன சின்ன அறையின் திறப்பைத் தாமதமின்றிப் பதிவுத் தபாலில் அனுப்பி வைக்கவும். அந்தத் திறப்பு வராவிட்டால் உம்முடைய மாமி, என் பாரியார் சிவனேஸ்வரி, கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் இருந்தபடியே இருக்கவேண்டியதுதான். லண்டன் வந்து சேரமாட்டா. ஒரு பூட்டுக்கும் ஒரு மனிசியின் விசாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர். கேட்பது நியாயம். ஆதியோடந்தமாக எழுதுகிறேன், இருந்து ஆறுதலாக வாசிக்கவும்.

மாசி மாதம் கவுன்சிலில் இருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எல்லாரும் இனிமேல் கவுன்சிலில் பதிந்து அனுமதிப் பத்திரம் எடுக்கவேண்டுமாம்; வீட்டில் குடியிருக்கும் அனைவரின் பெயரையும் வயதையும் எழுதி அனுப்பட்டாம். இந்தத் தெருவில் வீடு வைத்திருக்கிற எங்கடை ஆக்கள் மற்ற மூன்று பேரும் அந்தப் படிவத்தைக் குப்பைக்குள் போட்டார்கள். நான் போடவில்லை. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரில், முப்பத்திரண்டு வருஷம் கூப்பன் பகுதியில் கிளாக்கராக இருந்தவன் நான். அரசாங்கப் படிவம் ஒன்று மேசைக்கு வந்தால் அதை நிரப்பாமல் எனக்குச் சோறு இறங்காது. கறுப்பு மையில், பெரிய எழுத்தில், அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லாமல் நிரப்பினேன். பெயர் எழுத இடம் காணாமல் மேலதிகத் தாள் ஒன்றும் இணைத்தேன். அங்கேதான் பிழை நடந்தது.

பிழை எண்டு இப்ப சொல்லுறன், அப்ப எனக்கு அது பிழையாத் தெரியேல்லை. எங்கடை கூப்பன் கணக்கு உமக்குத் தெரியும்தானே. வீட்டிலை எத்தினை தலையோ அத்தினை தலைக்குத்தான் சீனி, மா, மண்ணெண்ணெய். ஆறு பேர் இருக்கிற வீட்டுக்காரன் ஒம்பது எண்டு எழுதிக்கொண்டு வருவான். நான் அதை வாங்கி, கண்ணாடிக்கு மேலாலை ஆளை ஒருக்காப் பாத்து, மூண்டை வெட்டி ஆறாக்குவன். அவன் கூட்டுவான் எண்டு எனக்குத் தெரியும், நான் வெட்டுவன் எண்டு அவனுக்குத் தெரியும், ரண்டு பேரும் சிரிச்ச முகத்தோடை பிரிவம். தப்பித்தவறி ஒருத்தன் உள்ளபடி ஆறு எண்டு எழுதிப்போட்டானெண்டால் அதிலையும் வெட்டு விழுந்து நாலாகி, அந்த மாதம் பிள்ளையள் சீனியில்லாத தேத்தண்ணிதான் குடிக்கும். முப்பத்திரண்டு வருஷம் இப்பிடி வெட்டின கை இது. கவுன்சில் தலைக்கணக்குக் கேக்குது, நிச்சயமா ஏதோ குடுக்கப்போறாங்கள், அங்கையும் என்னைப்போலை ஒருத்தன் சிவப்புப் பேனையோடை இருப்பான் எண்டு நினைச்சு, நான் பதினொரு பேர் எண்டு எழுதினன்.

உண்மையா இருக்கிறது அஞ்சு பேர். நான். பெற்றோல் ஷெட்டிலை இரவு வேலை செய்து பகல் முழுக்க நித்திரை கொள்ளுற கணேசலிங்கம். அதே கட்டிலிலை இரவிலை படுக்கிற, பேக்கரியிலை வேலை செய்யிற மன்னார்ப் பெடியன் பெனடிக்ற். முன்னறையிலை செபமாலைமுத்துவும் அவற்றை மனிசி றோஸ்மலரும். இவ்வளவும்தான். மிச்சம் ஆறு பேர் ஆர் எண்டு கேட்டால், நீர் ஒண்டு, பாலாம்பிகை ரண்டு, பிள்ளையளோடை நாலு. வீட்டுச் சொந்தக்காரனை வீட்டுக் கணக்கிலை விடுறது மரியாதையில்லை எண்டு போட்டன். அஞ்சாவது உம்மடை ஐயா. அத்தான் காலமாகி ஏழு வருஷம் எண்டது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் செத்த ஆளின்ரை பேரைக் கூப்பனிலை உடனை வெட்டுற வழக்கம் எங்களிட்டை இல்லை, எழுதிக்கொண்டு போக அவற்றை பேரும் தன்பாட்டிலை வந்து விழுந்திட்டுது. எண்பத்தொரு வயது எண்டு போட்டன். ஆறாவது பேர் சிவனேஸ்வரி. ஆறாவது எண்டு சொல்லுறன், படிவத்திலை அவ ரண்டாவது. என்ரை பேருக்குக் கீழை அவவின்ரை பேர்தான் வரும். வேறை மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

கவுன்சில் ஒரு தலையையும் வெட்டேல்லை. எழுதினதை எழுதினபடி நம்புற கந்தோர் ஒண்டு உலகத்திலை இருக்குமெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை. இந்தச் சின்ன வீட்டுக்குள்ளை பதினொரு பேர், அதிலை ஒருத்தர் எண்பத்தொரு வயது, ரண்டு குழந்தையள், உடனை அதிகாரி வந்து பாக்கவேணும் எண்டு கடிதம் வந்தது. இதிலை இன்னொரு சில்லெடுப்பு. மாமியைக் கூப்பிடுறதெண்டால், அவ வந்து தங்க நெருக்கடியில்லாத இடம் இருக்கு எண்டு கவுன்சில் எழுதித் தரவேணும். ஆறு வருஷமாப் பிரிஞ்சிருந்து, விசாவுக்கான மற்றக் கடுதாசி எல்லாம் ஒப்பேத்தி, இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் கொழும்பிலை எல்லாம் நிக்குது. அந்தக் கடிதத்துக்கு நான் எழுதிப்போட்டதும் அதே மாசியிலை, அதே கந்தோருக்கு. ரண்டு கடுதாசியும் ஒரே மேசைக்குத்தான் போயிருக்கு. ஒண்டிலை பதினொரு பேர் இருக்கினம் எண்டு நானே எழுதியிருக்கிறன். மற்றதிலை தாராளமா இடம் இருக்கு எண்டும் நானே எழுதியிருக்கிறன். ரண்டிலையும் கையெழுத்து அச்சொட்டாய் ஒண்டு.

அந்த மேசைக்காரி மிஸிஸ் புளொக்ஸம் எண்ட வெள்ளைக்காரப் பொம்பிளை. நல்ல உயரம், கையிலை அளவு நாடா, முகத்திலை சிரிப்புமில்லை கோவமுமில்லை. சித்திரை மாதம் ஒரு நாள் காலமை வந்தா. நான் கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு வாசலிலை நிண்டு வரவேற்றன். ஒவ்வொரு அறையா அளந்து எழுதிக்கொண்டு போனா. கணேசலிங்கம் போர்த்துக்கொண்டு கிடந்தான், அவனையும் சேத்து அளந்தா. நான் உள்ளதைச் சொன்னன்: அம்மா, அந்தக் கணக்குப் பிழை, இஞ்சை இருக்கிறது அஞ்சு பேர்தான். அவ என்னைக் கண்ணாடிக்கு மேலாலை பாத்தா. அந்தப் பார்வையை எனக்கு நல்லாத் தெரியும், முப்பத்திரண்டு வருஷம் நான் பாத்த பார்வை. "பதினொரு பேரை வைச்சிருக்கிற எல்லாரும் அஞ்சு எண்டுதான் சொல்லுவினம். தானே பதினொண்டு எண்டு எழுதிக் குடுத்தவர் நீர் ஒருத்தர்தான்" எண்டா. பேந்து மேலை போய் உம்மடை சின்ன அறைக்கு முன்னாலை நிண்டு, இதைத் திறவுங்கோ எண்டா. திறப்பு ரொறன்ரோவிலை எண்டன். கதவிலை காதை வைச்சுக் கேட்டா. அப்பதான் எனக்கு விளங்கினது, மிச்சம் ஆறு பேரும் அதுக்குள்ளைதான் மூச்சடக்கிக்கொண்டு இருக்கினம் எண்டு அவ நினைக்கிறா.

ரண்டாந்தரம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சனிக்கிழமை வந்தா. வேறை ஒரு சனிக்கிழமையும் கிடைக்கேல்லை. அண்டைக்கு றோஸ்மலரின்ரை முறை. வேதக்கார ஆக்கள் மாதா சுருவத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் வைச்சுச் செபமாலை சொல்லுறவை, அண்டைக்கு எங்கடை வீடு. லண்டனின்ரை மற்ற அந்தத்திலை கிடக்கிற பார்க்கிங் எண்ட ஊரிலை இருந்துகூட ஆக்கள் வந்து ஹோலுக்குள்ளை முழந்தாளிலை நிக்கினம். அவ உள்ளுக்கு வரேல்லை, செபத்தைக் குழப்பக்கூடாதெண்டு வாசலிலையே நிண்டு, குனிஞ்சு சப்பாத்தை எண்ணினா. நாப்பத்திமூண்டு சோடி. செருப்புக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாறது எங்கடை பழக்கம், அதோடை அஞ்சு பேருக்கே பனிச் சப்பாத்து, வேலைச் சப்பாத்து, குளியலறைச் செருப்பு எண்டு பதினாறு சோடி எப்பவும் வாசலிலை கிடக்கும் எண்டு நான் விளங்கப்படுத்தினன். அவ தலையாட்டி, நாப்பத்திமூண்டு எண்டு எழுதினா. பாயசம் குடுத்தம். நிண்டபடி குடிச்சிட்டு, நல்லாயிருக்கு எண்டு சொல்லி, அடுத்தமுறை அந்த அறையைப் பாக்காமல் போகமாட்டன் எண்டுட்டுப் போனா.

உம்மடை வீட்டிலை இப்ப கவுன்சில் சொன்னபடி எல்லாம் செய்திருக்கு, அதையும் சொல்லிவிடவேணும். குசினிக்குத் தன்பாட்டிலை சாத்துப்படுற கதவு போட்டாச்சு. நெருப்புப் பிடிச்சால் நல்லதாம். பிடிக்காத நாளிலை கறிச்சட்டியோடை வாற ஆளின்ரை முதுகிலை ஒரு தட்டுத் தட்டும். பெனடிக்ற்றுக்கு ரண்டுதரம் தட்டி, ரண்டாந்தரம் மீன்குழம்பு முழுக்க என்ரை படிவங்களுக்கு மேலை. புகை மணி கட்டியாச்சு. றோஸ்மலர் செத்தல் மிளகாய் பொரிக்கிற நேரமெல்லாம் அது அடிக்கும், கணேசலிங்கம் நித்திரையிலை எழும்பி ஓடிப்போய் றோட்டிலை நிண்டுதான் கண்ணை முழிப்பான். இப்ப அவன் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுக்கிறான். ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை. மாமி வாறதுக்குத்தானே எண்டு எல்லாரும் பொறுத்துக்கொண்டினம். கண்ணுக்கே காணாத ஒரு மனிசிக்காக அந்தப் பிள்ளையள் அப்பிடி ஓடித்திரியிறதைப் பாக்க எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு, உள்ளதை எழுதுறன்.

மூண்டாந்தரம் ஆவணி மாதம் வந்தா. வரமுந்தியே நான் வீட்டைக் கழுவித் துடைச்சு, வாசலிலை அஞ்சே அஞ்சு சோடி சப்பாத்தை வரிசையா அடுக்கி, மிச்சத்தை உரபாக்கிலை கட்டிப் பக்கத்து வீட்டிலை குடுத்து வைச்சிருந்தன். எல்லாம் நல்லபடி போச்சுது. அவவும் கொஞ்சம் இளகி, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு மேல்மாடிப் படியிலை நிக்கேக்கை, நேரம் சரியாப் பதினொரு மணி, உம்மடை சின்ன அறைக்குள்ளையிருந்து ஒரு குருவி கூவிச்சுது. பேந்து பாட்டு. பேந்து ஆரோ கை தட்டுற மாதிரி ஒரு சத்தம். இந்த வீடு குடிபூந்த அண்டைக்கு உமக்கு ஆரோ தந்த பாட்டு மணிக்கூடு எண்டு எனக்குத் தெரியும், அவவுக்கு எப்பிடித் தெரியும்? கோப்பையைப் படியிலை வைச்சிட்டு, கதவிலை தட்டி, பயப்பிடாதையுங்கோ, வெளியிலை வாங்கோ எண்டு அன்பாக் கூப்பிட்டா. ஒருத்தரும் வரேல்லை. வாறதுக்கு ஆர் இருக்கினம்?

அதுக்குப் பிறகு குசினியிலை என்னை இருத்திவைச்சு நேரை கேட்டா, ஏன் இப்பிடி எழுதினீர் எண்டு. கூப்பன் கதையை முழுக்கச் சொன்னன், சீனியிலை இருந்து அத்தான் மட்டும். கேட்டுக்கொண்டே இருந்தா, கடைசியிலை முதல்முதலாச் சிரிச்சா. பழைய படிவத்தை எடுத்து என்ரை முன்னாலை வைச்சு, இல்லாத ஆக்களை வெட்டுங்கோ எண்டு தன்ரை சிவப்புப் பேனையைத் தந்தா. உம்மை வெட்டினன். பாலாம்பிகையையும் பிள்ளையளையும் வெட்டினன், குறை நினைக்கவேண்டாம். அத்தானையும் வெட்டினன். ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்திலை சுருக்கொப்பம் வைச்சன். ரண்டாவது பேருக்குப் பேனை வந்து நிண்டிட்டுது. என்னாலை ஏலாமல் போச்சு, மருமகன். இல்லாத ஆள்தான், அந்தப் பேருக்கு மேலை கோடு கீற எனக்குக் கை வரேல்லை. அவ பேனையைத் திருப்பி வாங்கினா. "அந்தப் பேர் இருக்கட்டும். ஆனால் நீர் ஹோலிலை படுக்கிறீர், அதுக்காலைதான் எல்லாரும் குசினிக்குப் போகினம், அதை அறையெண்டு நான் எழுத ஏலாது. புருஷன் பெண்சாதிக்கு ஒரு அறை காட்டும், இண்டைக்கே எழுதித் தாறன்" எண்டா. காட்டுறதுக்கு இருக்கிறது அந்த ஒரு அறைதான்.

ரெலிபோனிலை கேட்டன். பாலாம்பிகை எடுத்து, மாமா, அதுக்குள்ளை என்ரை கலியாணச் சீலையள் எல்லாம் இருக்கு, ஒருத்தரும் கை வைக்கப்படாது எண்டு சொல்லி வைச்சிட்டா. மூண்டு காயிதம் போட்டன், உம்மட்டையிருந்து மறுமொழியில்லை. உமக்கு வேலை கூட, எனக்கு விளங்குது. பெனடிக்ற் பூட்டு முறிக்கிற குறடு ஒண்டைக் கொண்டுவந்து காட்டி, அண்ணை, ஒரு திருகு போதும் எண்டான். அவனை ஏசிக் கலைச்சன். சொந்தக்காரரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் ஒரு பூட்டைத் தொடுகிறவன் தில்லையம்பலம் இல்லை. இற்றைவரை அந்தக் கதவின் கைப்பிடியைக்கூட நான் தொட்டதில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.

ஆகவே, மேற்கூறிய காரணங்களைக் கருத்திற்கொண்டு, திறப்பை அனுப்பிவைத்து, அறையைத் திறக்க ஒரு வரி அனுமதியும் எழுதி உதவவும். உமக்கும் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும், குறையாத செல்வமும், குளிர் தாங்கும் உடம்பும் வாய்க்கவேண்டுமென்று ஆசீர்வதித்து, ஆர்ச்வே முருகன் பாதம் சாட்சியாக இதை முடிக்கிறேன்.

இங்ஙனம்,
உமது நலமே நாடும் மாமன்,
வே. தில்லையம்பலம்
(இளைப்பாறிய பிரதம இலிகிதர்)

பி.கு: தபால் முத்திரையைப் பார்த்து நீர் யோசிக்கமுதல் நானே சொல்லிப்போடுறன். இண்டைக்குத் திகதி நவம்பர் நாலு. மேலை போட்ட செப்டெம்பர் ரண்டு பிழையில்லை, தெரிஞ்சுதான் போட்டனான். அறை செப்டெம்பர் அஞ்சாந் திகதி திறந்தாச்சு. குறடு பெனடிக்ற்றின்ரை, கை என்ரை. முப்பத்திரண்டு வருஷச் சேவையிலை அனுமதியில்லாமல் நான் செய்த ஒரே காரியம் அதுதான், ஒரு திருகு காணாது, நாலு வேண்டிக் கிடந்தது. மிஸிஸ் புளொக்ஸம் முன்னாலைதான் திறந்தனான், உள்ளுக்கு இருந்த நாப்பத்தொரு சாமானுக்கும் பட்டியல் எழுதி அவவிட்டையும் சாட்சிக் கையெழுத்து வாங்கி வைச்சிருக்கிறன். பழைய விசிஆர் ரண்டு, ஓடாத உடற்பயிற்சிச் சைக்கிள் ஒண்டு, வெறும் சூட்கேஸ் ஒம்பது. சீலை ஒண்டும் காணேல்லை, இதைப் பாலாம்பிகையிட்டைச் சொல்லுறதும் விடுறதும் உம்மடை விருப்பம். அறையை அளக்கேக்கை நாடாவின்ரை மற்ற நுனியைப் பிடிச்சது நான், என்ரை கை எவ்வளவு நேர்மையா நிண்டதெண்டு எனக்குத் தெரியாது. ரண்டு பேருக்கு இடமிருக்கு எண்டு அவ அண்டைக்கே எழுதித் தந்தா. ஆகையால் திறப்பை அனுப்பவேண்டாம், அதுக்குப் பூட்டு இல்லை. ஆனால் ஒழுங்கெண்டு ஒண்டு இருக்கு: முதலிலை கேக்கவேணும், பிறகுதான் திறக்கவேணும். நான் கேட்ட கடிதம் இது. நீர் செப்டெம்பர் நாலாந் திகதி போட்டு ஒரு வரி அனுமதி எழுதி அனுப்பினால் கடுதாசிக் கோவை சரியாகிவிடும்.

மாமி போன வியாழக்கிழமை வந்து இறங்கினா. இப்ப எனக்குப் பின்னாலை நிண்டு இதை வாசிச்சுப்போட்டு, பூட்டை உடைச்சிட்டன் எண்டு ஒரு வரியிலை எழுதுறதை விட்டிட்டு ஏன் இவ்வளவு தாள் எண்டு கேக்கிறா. அறையைப் பாத்து என்ன சொல்லுவாவோ எண்டு எனக்கு நல்ல பயம் இருந்தது. ஒரு கட்டில் போட்டால் மிச்சம் நிக்கத்தான் இடம். வந்த அண்டைக்குக் கட்டில் விளிம்பிலை இருந்து நாலு சுவரையும் ஒருக்காப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. ரண்டு பேருக்கு இது காணும் எண்டா.